த்ராட்டில் பாடி மாற்றிய பிறகு ஐட்லிங் கெடுவது ஏன்?

வண்டி இழுக்கவில்லை, செக் எஞ்சின் விளக்கு எரிகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் விடுகிறோம். எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி போய்விட்டது என்று சொல்லிப் புதிதாக மாட்டித் தருகிறார்கள். வீடு வந்து சேர்வதற்குள் வேறொரு தொல்லை தொடங்கிவிடுகிறது. ரோபோட் சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாகவே உறுமுகிறது. அல்லது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும்) முள் மேலும் கீழும் ஆடுகிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் புழுக்கத்தில் ஏசியைப் போட்டதுமே அணைந்துபோகும் வண்டிகளும் உண்டு. நகரின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் பகுதிகளில் இருப்பவர்களுக்கு வண்டி இல்லாமல் வேலைக்குப் போய்வருவது பெரும்பாடு. அந்த அவசரத்தில், ‘மாட்டியது டூப்ளிகேட்’ என்று முடிவு கட்டி இன்னொரு பாடி வாங்கிவிடுகிறார்கள். அதை மாட்டிய பிறகும் குறை அப்படியே இருக்கும்.

பெரும்பாலும் புதுப் பாகத்தில் குற்றம் இருப்பதில்லை. மாட்டிய பிறகு செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் விடுபட்டிருக்கும், அல்லது வரிசை மாறியிருக்கும். முதல் வேலை, காற்றுக் கசிவு இல்லையென்று உறுதி செய்வது. இரண்டாவது, எஞ்சின் கணினிக்குப் புதுப் பாகத்தைப் பழக்குவது. இந்த வரிசை ஏன் மாறக் கூடாது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஐட்லிங்கில் உள்ளே என்ன நடக்கிறது

ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும் வேகம்தான் ஐட்லிங். பெரும்பாலான பெட்ரோல் கார்களில், எஞ்சின் சூடேறிய பிறகு இது நிமிடத்துக்கு 650 முதல் 850 சுற்று வரை இருக்கும்.

பெட்ரோல் எஞ்சினின் வேகத்தை நிர்ணயிப்பது உள்ளே போகும் காற்றின் அளவு. எவ்வளவு காற்று போகிறதோ அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. காற்றை அளந்து விடும் கதவுதான் த்ராட்டில் பாடி. அலுமினியக் குழாய், அதன் நடுவே ஒரு அச்சில் திரும்பும் வட்டத் தகடு, அவ்வளவுதான் அதன் உடம்பு. ஐட்லிங்கில் இந்தத் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். தகட்டின் விளிம்புக்கும் குழாய்ச் சுவருக்கும் நடுவே உள்ள மெல்லிய இடுக்கு வழியாகப் போகும் காற்றில்தான் எஞ்சின் உயிரோடு இருக்கிறது. அந்த இடுக்கு முடியளவு கூடினாலும் குறைந்தாலும் ஆர்பிஎம்மில் தெரிந்துவிடும்.

பழைய கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து ஒரு கேபிள் வந்து தகட்டை இழுக்கும். ஐட்லிங் காற்றுக்கென்று தனியாக ஒரு பக்கவழியும், அதைத் திறந்து மூட ஒரு சிறு வால்வும் உண்டு. புதிய கார்களில் கேபிள் கிடையாது. பெடலில் ஒரு சென்சார், த்ராட்டில் பாடியில் ஒரு மோட்டார். தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கணினி மோட்டாரை நம்பாமல் மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சம் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஊர்ந்துதான் போகும்.

கணினியின் பழைய நினைவு

குறையின் வேர் இங்கேதான் இருக்கிறது. எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவியும் புகையும் தகட்டின் விளிம்பில் கரியாகப் படிகின்றன. ஆண்டுகள் போகப் போக இடுக்கு அடைபடுகிறது. ஐட்லிங் இறங்குவதைக் கணினி கவனித்து, தகட்டை இன்னும் கொஞ்சம் திறக்கிறது. அந்தக் கூடுதல் திறப்பைத் தன் நினைவில் எழுதியும் வைத்துக்கொள்கிறது. இதற்குத்தான் ‘அடாப்டேஷன்’ என்று பெயர். கரி படிந்தது ஓட்டுநருக்குத் தெரியாமலே போவதற்கும் இதுவே காரணம்.

இப்போது பழையதைக் கழற்றிவிட்டுச் சுத்தமான புதுப் பாடியை மாட்டுகிறோம். கணினியின் நினைவில் இருப்பதோ பழைய கணக்கு. காரம் மங்கிய மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டுப் பழகிய கை, அன்று அரைத்த தூளையும் அதே அளவு போட்டால் குழம்பு என்னவாகும்? அதேதான் இங்கும். அடைப்புக்காகக் கூட்டிய திறப்பு, அடைப்பில்லாத இடுக்கில் அதிகப்படியான காற்றை விடுகிறது. ஐட்லிங் 1,200, 1,500 என்று ஏறுகிறது.

இதைவிடக் குழப்பும் அறிகுறி முள் ஆடுவது. கால் பெடலில் இல்லை, ஆனால் ஆர்பிஎம் மட்டும் அதிகம். வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று கணினி எடுத்துக்கொள்கிறது. அப்படி உருளும்போது பெட்ரோலை நிறுத்துவது அதன் வழக்கமான சிக்கனம். நிறுத்தியதும் ஆர்பிஎம் விழுகிறது. ஒரு எல்லைக்குக் கீழே போனதும் மறுபடி பெட்ரோலைத் திறக்கிறது. காற்று இன்னும் அதிகமாகவே இருப்பதால் மீண்டும் ஏறுகிறது. ஏறுவதும் விழுவதுமாக இது ஓயாமல் நடக்கும். இதைப் பார்த்துவிட்டு பெட்ரோல் பம்பையும் இன்ஜெக்டரையும் மாற்றுவது வீண் செலவு.

மாறாகவும் நடக்கலாம். பேட்டரியைக் கழற்றி நினைவை முழுதும் அழித்துவிட்டால், மூடிய நிலை எது என்றே கணினிக்குத் தெரியாது. அப்போது ஐட்லிங் தாழ்ந்து, ஏசியோ பவர் ஸ்டியரிங்கோ பாரம் கொடுத்ததும் எஞ்சின் அணைந்துவிடும்.

த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தாலும் இதே நிலைதான். கரி போய்விட்டது, நினைவு போகவில்லை. சுத்தம் செய்வதே போதுமான பல வண்டிகளில் முழுப் பாடியையும் மாற்றிவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. மோட்டாரும் சென்சாரும் நன்றாக இருந்தால், முதலில் ஒரு டப்பா கிளீனருக்குச் செலவழித்துப் பார்ப்பதே நியாயம். ஒரு எச்சரிக்கை: சில பாடிகளின் உட்சுவரில் மெல்லிய பூச்சு இருக்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. சாவி போட்ட நிலையில் மோட்டார் தகட்டை விரலால் தள்ளவும் கூடாது. விரலும் நசுங்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் உடையும்.

முதல் வேலை: கசிவு

நினைவை அழித்துப் பழக்குவதுதான் தீர்வு என்று தெரிந்தவர்கள்கூட ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். கசிவு இருக்கும்போதே பழக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கணினி கசிவையும் சேர்த்தே கணக்கில் எழுதிக்கொள்ளும். பிறகு கசிவை அடைத்தால் கணக்கு மறுபடி தவறும். அதனால் கசிவுச் சோதனைதான் முதலில்.

பாடி மாற்றும்போது கை படும் இடங்களை இந்த வரிசையில் பாருங்கள்:

1. கேஸ்கெட், அதாவது பாடி உட்காரும் இடத்தில் காற்று கசியாமல் அடைக்கும் வளையம். பழையதையே திரும்பப் போட்டிருந்தால் அதுதான் முதல் சந்தேகம். ரப்பர் வளையம் ஆண்டுக்கணக்கில் அழுந்தித் தட்டையாகியிருக்கும். அது உட்காரும் பள்ளத்தில் கரித்துண்டோ மணலோ ஒரு துளி இருந்தாலும் அங்கே காற்று நுழையும். கழற்றிப் பார்த்தால் வளையத்தில் ஒரு இடத்தில் மட்டும் அழுந்திய தடம் இருக்காது. காற்று போன வழி அதுவே.

2. நான்கு போல்ட்டுகள். எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பாடி கோணலாக உட்காரும். இவை சிறிய போல்ட்டுகள், பலம் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

3. சிறு குழாய்கள். பிரேக் பூஸ்டர் குழாய், எஞ்சின் ஆவிக் குழாய், பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் குழாய். பழைய ரப்பர் கழற்றும்போது வெடித்திருக்கும், அல்லது மாட்டவே மறந்திருப்பார்கள்.

4. ஏர் ஃபில்டரிலிருந்து வரும் பெரிய குழாய். அதன் மடிப்புகளுக்கு அடியில் கீறல் விழும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, கையால் வளைத்துப் பார்க்க வேண்டும்.

5. கூலன்ட் குழாய்கள். பல பாடிகளின் அடியில் சுடுநீர் ஓடும். மாற்றும்போது தண்ணீர் சிந்தி, காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். வெப்ப அளவு தவறானால் குளிர்ந்த எஞ்சினுக்குரிய உயர் ஐட்லிங்கையே கணினி பிடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் மட்டத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும், அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கண்ணால் பிடிபடாத கசிவை ஸ்கேனர், அதாவது எஞ்சின் கணினியோடு இணைத்துப் படிக்கும் கருவி, காட்டும். அதில் ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்று ஒரு எண் வரும். தான் போட்ட கணக்கைவிட எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கிறது என்று கணினி சொல்லும் எண் அது. பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஐட்லிங்கில் கூட்டல் 15, 20 என்று நின்று, 2,500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால், அது கசிவுதான். ஐட்லிங்கில் மொத்தக் காற்றே கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. ஏற்றியபோது மொத்தம் பெருகிவிடுவதால் கசிவு அற்பமாகிவிடுகிறது.

ஆனால் இந்தச் சோதனை எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி பேசாது. உள்ளே வரும் காற்றை ஏர் ஃபில்டர் பக்கத்திலேயே அளக்கும் வண்டியில், அளவையைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் தடுமாறும், பி0171 என்ற பிழைக் குறியீடு (கோடு) வரும். இன்டேக்கில் (த்ராட்டிலைத் தாண்டிக் காற்று எஞ்சினுக்குள் போகும் குழாயில்) உள்ள அழுத்தத்தை அளந்து கணக்குப் போடும் வண்டியில் கசிவுக் காற்றும் கணக்கில் சேர்ந்துவிடும். எஞ்சின் தடுமாறாமல் ஒழுங்காகவே ஓடும், ஐட்லிங் மட்டும் உயர்ந்து நிற்கும், பி0507 வரும். பி0506 என்றால் ஐட்லிங் தேவைக்குக் கீழே. இரண்டு த்ராட்டில் சென்சார்களும் ஒத்துப்போகாவிட்டால் பி2135. இந்தக் கடைசிக் குறியீடு பாடியையோ அதன் ஒயரிங்கையோ உண்மையாகவே சந்தேகிக்க வைப்பது. பாடியின் ஒயர் பிளக்கைக் கழற்றி, பின்களில் பச்சைத் துரு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்று அடிக்கும் பிளஃப், இசிபிங்கோ பகுதிகளில் இது அரிதல்ல.

சிறந்த வழி புகைச் சோதனை. இன்டேக்குக்குள் புகையை அனுப்பினால் கசியும் இடத்தில் அது இழையாக வெளியே வரும். சூடான எஞ்சின் மேல் கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடும் வழக்கம் ஆபத்தானது. எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கிறது, தீப்பிடிக்கும்.

இரண்டாவது வேலை: பழக்குதல்

பேட்டரி நன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் சூடேறியிருக்க வேண்டும், ஏசி, விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். இந்த அடிப்படை பெரும்பாலும் பொது. செய்முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே இறுதி.

டொயோட்டாவின் மோட்டார் த்ராட்டில் வண்டிகள் பலவற்றில் வேலை எளிது. பேட்டரியின் மைனஸை ஒரு நிமிடத்துக்கு மேல் கழற்றி மாட்டினால் பழைய கணக்கு அழியும். பிறகு பெடலைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, சூடேறும்வரை ஓடவிட்டால் தானே புதிதாகக் கற்றுக்கொள்ளும்.

ஹோண்டாவில் நினைவை அழித்தபின், பாரமில்லாமல் 3,000 ஆர்பிஎம்மில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்வரை பிடிக்க வேண்டும். பிறகு காலை எடுத்து 5 நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும். இடையில் ஃபேன் சுற்றும் நேரம் அந்த 5 நிமிடத்தில் சேராது.

நிஸ்ஸான்தான் பொறுமையைச் சோதிக்கும். பெடல் விடுபட்ட நிலை, தகடு மூடிய நிலை, ஐட்லிங் காற்றின் அளவு என்று மூன்றையும் இதே வரிசையில் பழக்க வேண்டும். மூன்றாவதைப் பல மாடல்களில் ஸ்கேனர் இல்லாமலும் செய்யலாம்:

1. சூடான எஞ்சினை அணைத்து 10 விநாடி காத்திருங்கள்.
2. சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல் 3 விநாடி விடுங்கள்.
3. 5 விநாடிக்குள் பெடலை முழுதாக 5 முறை மிதித்து விடுங்கள்.
4. 7 விநாடி காத்திருந்து, பெடலை முழுதாக மிதித்துப் பிடியுங்கள். செக் எஞ்சின் விளக்கு முதலில் மின்னும். சுமார் 20 விநாடியில் மின்னல் நின்று விளக்கு நிலையாக எரியும்.
5. நிலையாக எரிந்த 3 விநாடிக்குள் காலை எடுத்து, உடனே ஸ்டார்ட் செய்து 20 விநாடி ஐட்லிங்கில் விடுங்கள்.

கடிகாரம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை இது, பக்கத்தில் ஒருவர் இருந்து விநாடி எண்ணினால் எளிது.

ஃபோக்ஸ்வேகனுக்கு ஸ்கேனர் வேண்டும். கோல்ஃப், போலோ போன்ற வண்டிகளின் பழைய கணினிகளில் ‘பேசிக் செட்டிங்ஸ்’ பகுதியில் மோட்டார் த்ராட்டிலுக்கு 060, கேபிள் வைத்த பழைய வண்டிக்கு 098 என்ற குரூப்பைத் திறக்க வேண்டும். சாவி ஆன், எஞ்சின் ஆஃப். காதை பானட் அருகே வைத்தால் தகடு டக்டக்கென்று திறந்து மூடுவது கேட்கும். திரையில் சரியாக முடிந்தது என்று வந்த பிறகே சாவியை எடுக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றுவதாக இருந்தால் ரேடியோவின் ரகசிய எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திருகாணியைத் தொடாதீர்கள்

கேபிள் வண்டிகளில் தகட்டுக்குக் கீழே ஒரு சின்னத் திருகாணி இருக்கும், பெரும்பாலும் அதன் தலையில் பெயின்ட் பூசியிருக்கும். தகடு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியது. ஐட்லிங் சரியாக வரவில்லை என்றதும் பலர் ஸ்க்ரூடிரைவரை இதன் மேல்தான் வைக்கிறார்கள். அதைத் திருகினால் த்ராட்டில் சென்சாரின் மூடிய நிலை வோல்ட் மாறிவிடும். பல வண்டிகளில் அது 0.5 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அது மாறினால் கால் பெடலில் இருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டு, ஐட்லிங்கைக் கட்டுப்படுத்துவதையே கைவிட்டுவிடும். இந்த வண்டிகளில் பார்க்க வேண்டியவை வேறு: கேபிளில் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா, பழைய பாடியிலிருந்து மாற்றிய ஐட்லிங் வால்வு கரி இல்லாமல் அசைகிறதா.

திருகாணியைத் தொடக் கூடாது என்பதற்கு நம் ஊரின் நிலவியலும் ஒரு காரணம். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோஹானஸ்பர்க் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றின் அழுத்தம் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே இடுக்கு வழியாக அங்கே போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறையும். கணினியின் கையில் கட்டுப்பாடு இருந்தால் தகட்டையோ வால்வையோ இன்னும் கொஞ்சம் திறந்து சரிக்கட்டிவிடும். திருகாணியால் டர்பனில் ‘சரிசெய்த’ வண்டி, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாய் ஏறி மேட்டுநிலம் போனதும் நிற்கும் இடமெல்லாம் அணையும். அங்கே திருகினால் திரும்பி வரும்போது உறுமும். ஜோஹானஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் விற்கும் 93 ஆக்டேன் பெட்ரோலைத் திட்டுகிறவர்கள் உண்டு. ஐட்லிங்குக்கும் ஆக்டேனுக்கும் தொடர்பில்லை.

எந்தப் பாடி வாங்குவது

எண் பொருந்த வேண்டும். ஒரே மாடலில் ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று, மேனுவலுக்கு ஒன்று என்று இருக்கும். போல்ட் துளைகள் பொருந்தினாலும் சென்சாரின் வோல்ட் அளவு வேறாக இருந்தால் எவ்வளவு பழக்கினாலும் ஏறாது. ஸ்க்ராப்யார்டில் வாங்குவதில் தவறில்லை, நல்ல கம்பெனிப் பாகம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. பிளக் பின்களையும் அச்சின் ஓரங்களையும் உற்றுப் பார்த்து, சேறும் துருவும் இல்லையென்றால் மட்டும் வாங்குங்கள்.

சட்டம் தரும் பிடி

ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலை இப்படி முடிந்தால், ‘பாகத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, பழக்குவதற்குத் தனிக் காசு’ என்ற பேச்சு வரலாம். தென்னாப்பிரிக்காவில் 2011 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே உதவும்.

பழுது பார்க்கும்போது மாட்டிய புதிய அல்லது புதுப்பித்த பாகத்துக்கும், மாட்டிய கூலிக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு என்கிறது 57ஆம் பிரிவு. தவறாகப் பயன்படுத்தியதால் வந்த பழுதுக்கு இது பொருந்தாது. நீங்கள் ஒப்புக்கொண்ட மதிப்பீட்டுக்கு மேல் கேட்காமல் காசு வாங்கக் கூடாது என்பது 15ஆம் பிரிவு. கழற்றிய பழைய பாகத்தை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, திருப்பித் தர வேண்டும் என்பது 67ஆம் பிரிவு. பழைய பாடியைக் கேட்டு வாங்குங்கள். அதில் வெறும் கரி மட்டும்தானா, உண்மையில் மோட்டார் செத்ததா என்று இன்னொரு மெக்கானிக் பார்த்துச் சொல்ல அதுவே சாட்சி. பேசித் தீராவிட்டால் மோட்டார் தொழில் ஆம்புட்ஸ்மனிடம் (புகார்களை விசாரிக்கும் நடுவரிடம்) எழுதலாம்.

வாரன்டி காலத்தில் உள்ள வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் சந்தைப் போட்டி ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. கம்பெனி டீலரைத் தவிர வெளி ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு வேலை செய்துகொண்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது என்று அவை சொல்கின்றன. வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் தொழில்நுட்பத் தகவலை நியாயமான நிபந்தனையில் கம்பெனிகள் தர வேண்டும். பழக்கும் முறை இல்லாமல் பாகத்தை மட்டும் விற்பதால் அல்லல்படுவது சின்ன ஒர்க்‌ஷாப்காரர்களும் அவர்களை நம்பி வண்டியை விடும் குடும்பங்களும்தான். இந்த வழிகாட்டுதலின் அருமை அங்கேதான் தெரிகிறது.

அடுத்த முறை த்ராட்டில் பாடிக்கு மதிப்பீடு வாங்கும்போது மூன்று வரிகள் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்: புது கேஸ்கெட், கசிவுச் சோதனை, பழக்குதல். இல்லையென்றால் எழுதச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.